மேலாளர் போட்ட டிக்கும் நான் வெட்டிய பத்தியும்

போன மாதம் மில்லில் இருந்து போன் வந்தது. கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கவிதா பேசினார்.

"சார், குரூப் மெயில்ல எல்லாரும் இஷ்டத்துக்கு எழுதுறாங்க. ஒருத்தர் அஞ்சு விஷயம் கேட்டா இன்னொருத்தர் 'ஓகே'ங்கிறாரு. எதுக்கு ஓகேன்னு ஒருத்தருக்கும் தெரியல. நீங்கதான் இதுல பழைய ஆளுன்னு சொன்னாங்க. எப்படிப் பதில் எழுதணும்னு ஒரு பத்து பாயிண்ட் எழுதிக் குடுங்க சார், போர்டுல ஒட்டிருவோம்."

பெருமையாகத்தான் இருந்தது. ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் கழித்து நம்மை ஒருவர் தேடிப்பிடித்துக் கேட்கிறார் என்றால் சும்மாவா. வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, ஒன்று என்று போட்டு எழுதினேன். இரண்டு என்று போட்டபோது செம்பட்டி மாரியப்பனின் முகம் வந்து முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பேனா நகர மறுத்தது. ஆகவே பத்து பாயிண்டுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். போர்டில் இடம் போதாது என்றால் அது அவர்கள் பாடு.

என் பெயர் சவரிமுத்து. திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லின் தலைமை அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கடிதப் போக்குவரத்து பார்த்தவன். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் முடித்துச் சேர்ந்தேன். தபால் வந்தது, டெலக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் வந்தது, ஒவ்வொன்றையும் கற்றுக்கொள்வதற்குள் அடுத்தது வந்தது. கடைசியாகத் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மெயில் வந்தது. எங்கள் மில்லுக்கு மூன்று யூனிட். தாடிக்கொம்பு ரோட்டில் ஒன்று, செம்பட்டிப் பக்கம் ஒன்று, கீரனூர்ப் பக்கம் ஒன்று. அலுவலகமும் குடோனும் டவுனுக்குள். எல்லா இடத்திலும் உள்ள பெரிய தலைகள் பதினேழு பேரின் முகவரியைச் சேர்த்து ஒரு குரூப் உண்டாக்கினார்கள். ஒருவர் எழுதினால் பதினேழு பேருக்கும் போகும். மெயில் எல்லாம் அந்தக் கால ஆபீஸ் இங்கிலீஷில்தான். இங்கே தமிழில் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு வந்ததும் என் முதல் வேலை மோடத்தை எழுப்புவது. அது கீச்சென்று கத்தும், கரகரக்கும், பிறகு சட்டென்று அடங்கும். அடங்கினால் லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து அக்கவுண்ட்ஸில் யாராவது போனைத் தூக்கினால் போச்சு, மறுபடி முதலில் இருந்து. வந்த மெயில் ஒவ்வொன்றையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தொடர்தாளில் அடித்து, ஓட்டை போட்ட ஓரங்களைக் கிழித்து, டேக் கட்டி, பொது மேலாளரின் மேஜையில் வைக்க வேண்டும்.

பொது மேலாளர் வரதராஜன் சார் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். பயம் என்று சொல்ல முடியாது. "அது உங்க தறி, நீங்க ஓட்டுங்க" என்பார். பெருக்க வருகிற அம்மாவில் இருந்து முதலாளி வரை எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் குரல் கேட்கவில்லை என்று நாம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டால், நமக்கு நேரம் சரியில்லை என்று பொருள்.

அவர் மெயில் படிப்பதைப் பார்க்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். படித்ததும் ஒரு வரி இறக்குவார். பத்தி முடிந்ததும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக இருக்கும் பென்சிலை எடுத்து, அந்தப் பத்திக்கு நேராக ஓரத்தில் பதில் எழுதுவார். 'சரி.' 'வேண்டாம்.' 'யார் சொன்னது?' 'நேரில் பேசுவோம்.' சில பத்திகளுக்கு வார்த்தை இருக்காது, வெறும் டிக் மட்டும் இருக்கும். படித்தேன், சம்மதம், மேலே சொல்ல ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். நான் அந்தத் தாளைப் பார்த்துப் பதிலை டைப் செய்து அனுப்புவேன். பென்சில் எழுத்துள்ள தாள் ஃபைலுக்குள் போகும். ஃபைல் என் பீரோவுக்குள் போகும்.

ஆரம்பத்தில் எங்கள் குரூப்பும் கவிதா சொல்கிற லட்சணத்தில்தான் இருந்தது. கரண்ட் கட் நாட்களில் எந்த யூனிட் எப்போது ஜெனரேட்டர் ஓட்டுவது என்று ஒரு பேச்சு தொடங்கியது. ஆளாளுக்குப் பதில் எழுதினார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஒரு வரியை உச்சியில் வைத்துவிட்டு, அதுவரை வந்த அத்தனையையும் அப்படியே கீழே தொங்கவிட்டார்கள். ஒரு நாள் காலை பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. டீ வந்தது, குடித்தேன், டம்ளரை எடுத்துப் போனார்கள், பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வரதராஜன் சார் அறையை விட்டு வெளியே வந்து பார்த்தார். தாளின் மேல்நுனியை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மீதியை மாடிப்படியில் உருட்டிவிட்டார். அது படிப்படியாக இறங்கி, கீழே ரிசப்ஷன் பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது.

"உச்சியில என்ன எழுதியிருக்கு, படிங்க."

"'நன்றி'ன்னு இருக்கு சார்."

"ஒரு நன்றிக்கு இம்புட்டு வாலா?" என்றவர், படியில் உட்கார்ந்துகொண்டு பேசினார். "நம்ம லெட்டர்ல 'பார்வை'ன்னு ஒண்ணு போடுறோம்ல. எந்தக் கடிதத்துக்குப் பதில்னு. அதுல பழைய லெட்டர் முழுசையும் திருப்பி எழுதுறோமா?"

"இல்ல சார். நம்பரும் தேதியும்தான்."

"அந்த மாதிரிதான். எந்த வரிக்குப் பதில் சொல்றோமோ அந்த வரி இருக்கட்டும். அதுக்குக் கீழ நம்ம பதில். மத்ததை எடுத்துருங்க. நான் பென்சில்ல செய்யறதைத்தான் நீங்க அதுல செய்யணும்."

அன்றைக்கே பதினேழு பேருக்கும் எழுதினேன். கேட்ட வரியை மேலே வையுங்கள், பதிலைக் கீழே வையுங்கள். தேவையில்லாததை வெட்டுங்கள். பேச்சு ஜெனரேட்டரில் இருந்து பஞ்சுக்குப் போய்விட்டால் தலைப்பையும் மாற்றுங்கள். ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டியதை ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். பதில் இல்லாத பத்தியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கடைசிப் பதிலை வைத்திருந்தால் போதும், பழையதை அழித்துவிடலாம். இந்தக் கடைசி இரண்டும் நானாகச் சேர்த்தவை. சார் சொல்லவில்லை.

மறுநாளே கீரனூர் யூனிட் மேனேஜர் பழனிச்சாமி போன் செய்தார்.

"ஏனுங்க சவரிமுத்து, நீங்க சொன்னபடிதான் செஞ்சேனுங்க. ஒவ்வொரு பழைய வரிக்கு முன்னாடியும் ஒரு அம்புக்குறி வந்து நிக்குதுங்களே, அது யாரைக் குத்தறதுக்குங்க?"

"யாரையும் இல்ல சார். அம்பு இருந்தா கேட்டவர் பேச்சு. இல்லைன்னா உங்க பேச்சு."

"ரெண்டு அம்பு இருந்தா?"

"அவருக்கு முன்னாடி கேட்டவர் பேச்சு."

"மூணு இருந்தா பாட்டன் காலத்துதுங்களா?" என்று சிரித்தார். நல்ல மனிதர். ஆனால் அம்பு அவரைத்தான் முதலில் குத்தியது. அவர் தோட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெடா விருந்து. என்னைக் கூப்பிடுவதற்காக, குரூப்பில் வந்திருந்த ஒரு மெயிலைத் திறந்து பதில் எழுதிவிட்டார். 'சவரிமுத்து, ஞாயிறு மதியம் கட்டாயம் வாங்க. ஜி.எம். காதுக்குப் போக வேண்டாம். அவர் சைவம், சங்கடப்படுவார்.' அது பதினேழு பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

வந்த மெயில் எல்லாவற்றையும் அடித்து வைக்க வேண்டும் என்பது என் வேலை. மற்ற தாள்களுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்த தாளில் 'சங்கடப்படுவார்' என்ற வரிக்கு நேராக நீல எழுத்து: 'சங்கடம் இல்லை. எனக்குத் தயிர்சாதம் போதும். எத்தனை மணிக்கு?' நானும் முறைப்படி, பழனிச்சாமியின் வரியை அம்போடு மேலே வைத்து, சாரின் பதிலைக் கீழே வைத்து, பதினேழு பேருக்கும் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேரும் வந்தார்கள். பழனிச்சாமி இரண்டாவது கெடாவுக்கு ஆள் அனுப்பினார். தயிர்சாதம் தனிச் சட்டியில் இருந்தது.

இப்படியாக எங்கள் குரூப் ஒழுங்குக்கு வந்தது. யாருடைய மெயிலாவது ஒரு பக்கத்தைத் தாண்டினால் நான் உடனே ஒரு வரி எழுதிவிடுவேன். எனக்குக் 'கத்திரி' என்று பெயர் வைத்தார்கள். பட்டப்பெயர் என்றால் கோபம் வர வேண்டும். எனக்கு மெடல் குத்தியது போல இருந்தது. பாருங்கள், ஒருவனுக்குத் தலைக்கனம் எதில் எல்லாம் வருகிறது!

இனி மாரியப்பன் விஷயம். இதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

நூலைக் கூம்பு மாதிரி இருக்கும் அட்டைக் கோனில் சுற்றி அனுப்புவோம். கோனின் நுனியில் கலர் இருக்கும். குடோனில் கோனைப் பிரித்துப் பார்க்கிறவர் யாரும் கிடையாது. கலரைப் பார்த்துத்தான் அடுக்குவார்கள், கலரைப் பார்த்துத்தான் லாரியில் ஏற்றுவார்கள். ஒரே நம்பர், அதாவது ஒரே பருமன் நூலாக இருந்தாலும் வேறு பஞ்சில் இருந்து வந்தது என்றால் வேறு கலர் போட்டாக வேண்டும். இரண்டு பஞ்சு நூலும் ஒரே சேலைக்குள் போனால் வெள்ளையில் ஒன்றும் தெரியாது. சாயத்தில் போட்டு எடுத்தால் தெரியும். ஒரு பஞ்சு சாயத்தை அதிகமாகக் குடிக்கும், இன்னொன்று குறைவாகக் குடிக்கும்.

அந்த வருஷம் புதுப் பஞ்சு வந்தது. தர ஆய்வுக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட மீனாட்சி மேடம் குரூப்புக்கு ஐந்து பத்தியில் மெயில் எழுதினார். மூன்றாவது பத்தி: புதுப் பஞ்சு நூலுக்குக் கோன் நுனி பச்சையில் இருந்து நீலத்துக்கு மாற வேண்டும். நான்காவது பத்தி: செம்பட்டியில் மட்டும் பழைய பஞ்சு இன்னும் பத்து நாளைக்கு இருக்கிறது, அது தீரும்வரை அங்கே பச்சையே தொடர வேண்டும். வரதராஜன் சார் மூன்றாவது பத்திக்கு நேராக 'சரி. திங்கள் முதல் மாற்றுங்கள்' என்று எழுதினார். நான்காவதற்கு நேராக ஒரு டிக்.

நான் டைப் செய்தேன். மூன்றாவது பத்தியை அம்போடு வைத்தேன், கீழே சாரின் பதிலை வைத்தேன். நான்காவது பத்திக்கு வார்த்தை இல்லை. வார்த்தை இல்லை என்றால் பதில் இல்லை, பதில் இல்லாத பத்தியை வெட்டு. வெட்டினேன். மூன்றே வரியில் மெயில் முடிந்துவிட்டது. அனுப்புவதற்கு முன்னால் அதன் அழகை ஒரு நிமிஷம் ரசித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

செம்பட்டி யூனிட் மேனேஜர் அந்த வாரம் லீவு. அங்கிருந்த கிளார்க் கடைசியாக வந்த பதிலை மட்டும் பிரிண்ட் எடுத்து, பேக்கிங் சூப்பர்வைசர் மாரியப்பனிடம் கொடுத்துவிட்டு, மற்றதை அழித்துவிட்டார். நான் சொல்லிக் கொடுத்தபடிதான் செய்தார். மாரியப்பன் இருபது வருஷமாக பேக்கிங்கில் இருந்தவர். காதில் பென்சில், கையில் கிளிப் வைத்த அட்டை. மெஷின் சத்தத்துக்குள் ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னாலும் அட்டையில் உள்ள தாளில் இருப்பதைத்தான் செய்வார். திங்கட்கிழமை பச்சையை நிறுத்தினார். பழைய பஞ்சு நூல் நீலக் கோனில் குடோனுக்கு வந்தது. கீரனூரில் இருந்து புதுப் பஞ்சு நூலும் நீலக் கோனில் வந்தது. இரண்டும் ஒரே அடுக்கில் ஏறி, ஒரே லாரியில் சின்னாளபட்டிக்குப் போயின.

மூன்று வாரம் கழித்து, நெசவுக் குடும்பத்து அம்மா ஒருவர் வந்து வரதராஜன் சார் மேஜையில் ஒரு சுங்குடிச் சேலையை விரித்தார். அரக்குச் சாயம். குறுக்கே ஒரு பட்டை அடர்த்தியாக, ஒரு பட்டை வெளுப்பாக, முந்தி வரைக்கும்.

"தறியில இருந்தப்ப ஒண்ணும் தெரியல சார். சாயத்துல முக்கி எடுத்தா இப்படி நிக்குது. கட்டுறவ பொம்பளையா, கோடு போட்ட நோட்டா? இருக்கிறது அம்புட்டும் இப்படித்தான் இருக்கு. எங்க வீட்டுச் சேலைன்னு இனி எவ நம்பி வாங்குவா?"

சார் எழுந்து நின்று, கைகூப்பி, நூலை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு தருவதாகவும் சேலைகளுக்கும் மில்லே பொறுப்பு என்றும் சொன்னார். அவர் குரல் எனக்குக் கேட்கவே இல்லை.

பிறகு குரூப் பற்றிக்கொண்டது. 'நான் தெளிவாக எழுதியிருந்தேன். செம்பட்டி பேக்கிங் பின்பற்றவில்லை' என்று மீனாட்சி மேடம் எழுதினார். அவர் எழுதியது உண்மைதான். 'ஆம்' என்று ஒருவர், 'நானும் அப்படியே நினைக்கிறேன்' என்று ஒருவர். யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், நானும் எழுதினேன்: 'மெயிலை முழுவதும் படிக்காமல் வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும். செம்பட்டி மாரியப்பனுக்கு இது ஒரு பாடமாக இருக்கட்டும்.' மாரியப்பனை சஸ்பெண்ட் செய்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் வேலை போய்விடும்.

புதன்கிழமை மதியம் அவர் என்னைத் தேடி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கோயிலுக்குப் போகிறவர் போல வந்திருந்தார். பையில் இருந்து மடித்த தாளை எடுத்தார்.

"அண்ணே, நீங்க எழுதுனதைக் கிளார்க்கு படிச்சுக் காட்டுனாரு. நான் முழுசாப் படிக்கலைன்னு எழுதியிருக்கீகளாம். எனக்கு இங்கிலீஷு எழுத்துக்கூட்டித்தாண்ணே வரும். அதுனால அவரை மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பழைய பஞ்சு ஓடுதே, பச்சையை நிப்பாட்டலாமான்னும் கேட்டேன். ஜி.எம். பதில் இதுதான்னுட்டாரு. இந்தா, முழுசும் இருக்கு. இதுல எங்கிட்டுண்ணே பச்சையைப் போடச் சொல்லியிருக்கு?"

தாளின் மடிப்பு நைந்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், செய்து முடித்ததற்கு அடையாளமாகப் பென்சில் புள்ளி வைத்திருந்தார். நான் எழுந்து பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நான்காவது பத்தி. அதற்கு நேராக நீல டிக். மாரியப்பன் கையில் இருந்த தாளில் அந்தப் பத்தியே இல்லை.

அவர் ஃபைலைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "செத்த பொறு மாரி, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். "வாரேண்ணே. நீங்க இருக்கீகன்ற தைரியந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அந்த டிக் இருக்கும் தாள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது என் பீரோவில். பீரோ சாவி என் இடுப்பில். சாயங்காலம் முழுக்க எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். டிக் என்ன வார்த்தையா? சார் எழுதியிருக்க வேண்டாமா? மேடம் என் பதிலைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டாமா? வீட்டில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வெஞ்சனம் நல்லா இல்லையா?" என்று என் மனைவி கேட்டாள். நல்லாத்தான் இருந்தது. ஒரு மனிதர் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, வரிக்கு வரி புள்ளி வைத்து வேலை செய்திருக்கிறார். மெயிலைப் படிக்காமல் வேலை பார்த்தவர் என்று நான் அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன். சோறு எப்படி இறங்கும்?

வியாழக்கிழமை மோடத்தைக்கூட எழுப்பாமல், இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். அவர் ஸ்கேலை எடுத்து டிக்குக்குக் கீழே வைத்தார். பிறகு மாரியப்பன் தாளில் வைத்தார். மறுபடி டிக்குக்கு வந்தார். நான் நாற்காலியை முன்னால் இழுத்தேன்.

"டிக்கு நான் போட்டது. பேச்சில்லாம டிக்கை மட்டும் போட்டது என் சோம்பேறித்தனம்."

"வெட்டினது நான் சார்."

"ஆமா. வெட்டினது நீங்க." ஆறுதலாக ஒரு சொல் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. "அவரை எத்தனை பேருக்கு முன்னாடி சொன்னீங்க?"

"பதினேழு பேர் சார். செம்பட்டி மேனேஜருக்கும் மேடத்துக்கும் தனியா எழுதிடறேன். சத்தமில்லாம முடிச்சிரலாம்."

"திட்டினது எல்லாருக்கும் கேக்குற மாதிரி. தப்புன்னு சொல்றது மட்டும் காதோட காதாவா, சவரிமுத்து?" அவ்வளவு சன்னமாகச் சொன்னார். "நீங்க எழுதுன அந்த மெயிலுக்கே பதில் எழுதுங்க. உங்க வரியை வெட்டாதீங்க."

எழுதினேன். 'மெயிலை முழுவதும் படிக்காமல்' என்று தொடங்கும் என் சொந்த வரிகளை அம்போடு மேலே வைத்தேன். கீழே எழுதினேன்: 'மாரியப்பன் தனக்கு வந்த மெயிலை முழுவதும் படித்தார். அவருக்கு முழு மெயில் போகவில்லை. நான்காவது பத்தியை வெட்டியவன் நான். அது இதோ.' அந்தப் பத்தியை ஒரு எழுத்து குறையாமல் போட்டேன். 'தவறு என்னுடையது. அவரைப் பற்றி நான் எழுதியதற்கு உங்கள் எல்லார் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' சார் தாளை வாங்கி அடியில் நீலப் பென்சிலில் சேர்த்தார்: 'டிக் போட்டது நான். இனி என் டிக்குக்குப் பக்கத்தில் வார்த்தை இருக்கும். விசாரணை கிடையாது. மாரியப்பன் இன்றே வேலைக்கு வரலாம்.' அதையும் டைப் செய்து அனுப்பினேன்.

மத்தியானத்துக்குள் பதில்கள் வந்தன. மீனாட்சி மேடம் தன் வரியை மேலே வைத்து, கீழே 'இதை நான் திரும்பப் பெறுகிறேன். அவர் தாளைக் கேட்காமல் எழுதியது என் தவறு' என்று எழுதியிருந்தார். பழனிச்சாமியும் எழுதியிருந்தார்: 'எத்தனை அம்பு போட்டாலும் அத்தனையும் உங்க மேலயே பட்டிருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, காயத்துக்கு நல்லெண்ணெய் தடவி விடறோம்.' அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. பதினேழு முகவரியில் மாரியப்பன் முகவரி இல்லை. அவருக்கு முகவரியே கிடையாது. ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டேன், யாரிடம் மன்னிப்புக் கேட்டேனோ அவருக்கு மட்டும் போகவில்லை.

பிரிண்ட் எடுத்தேன். "செம்பட்டி வரைக்கும் போறேன் சார்" என்றேன். சார் தலையை நிமிர்த்தாமல், "இன்னும் போகலையா?" என்றார்.

ஷிப்ட் மாறுகிற இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தகவல் கிடைத்து மாரியப்பன் வந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டைதான், காதில் பென்சில் மட்டும் ஏறியிருந்தது. பேக்கிங்கில் இருந்தவர்கள், ஷிப்டுக்கு வந்தவர்கள், போகிறவர்கள் எல்லாரும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றார்கள். இங்கிலீஷில் இருந்ததை வரிக்கு வரி தமிழில் சொல்லிப் படித்தேன். முதலில் நான் அவரைப் பற்றி எழுதியது. அதைப் படிக்கும்போது ஒருவர் "அடப்பாவி" என்றார். படித்துத்தான் ஆக வேண்டும், வெட்டக்கூடாது என்று உத்தரவு. பிறகு நான் வெட்டியது. பிறகு மன்னிப்பு. கடைசியில் சார் சேர்த்தது. முடித்தபோது என் குரலும் சாரின் குரல் மாதிரி ஆகிவிட்டது.

மாரியப்பன் கையை நீட்டித் தாளை வாங்கினார். அட்டையில் கிளிப்பைத் தூக்கி மாட்டினார். காதில் இருந்து பென்சிலை எடுத்து, நான் மன்னிப்புக் கேட்ட வரிக்கு நேராக ஒரு டிக் போட்டார். சரி, அவ்வளவுதான் என்று நான் திரும்பினேன்.

"செத்த இருங்கண்ணே" என்றார். டிக்குக்குப் பக்கத்தில், பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு, நிதானமாகத் தமிழில் எழுதினார். 'முழுசும் கேட்டேன். சரி. மாரியப்பன்.' தாளைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "வெறும் டிக்கா விட்டா நீங்க வெட்டிப்புடுவீகளே!"

பேக்கிங் முழுக்க சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தேன். அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பெட்டிகளை எண்ணப் போய்விட்டார்.

கவிதா, பத்து பாயிண்ட் எனக்கு வரவில்லை. அந்தத் தாளின் ஜெராக்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன். போர்டில் அதை ஒட்டுங்கள். அளவு பெரிதாக இருக்கிறது என்று ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். மாரியப்பன் எழுதியது அங்கேதான் இருக்கிறது.